பெரியப்பா வீட்டுக்கு வராத வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகன் அருளப்பனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை செசிலி எழுதுவது. நான் சொல்வதில் ஒரு சொல்லைக் கூட்டாமலும் குறைக்காமலும், நடந்ததை நடந்தபடியே உண்மையாக எழுதுவதாகச் சொல்லிவிட்டுத்தான் அவள் பேனாவில் மை ஊற்றினாள். கெட்ட வார்த்தை வரும் இடத்தில் மட்டும் புள்ளி வைப்பாளாம். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம். அவள் புள்ளி வைத்த இடத்தில் என்ன வார்த்தை என்று உனக்கே தெரியும், உன் பெரியப்பாவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இதில் ஒளித்துவைக்க ஒன்றும் இல்லை. உன்னோடு கப்பலில் வேலை செய்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டு. அவர்களுக்கும் ஊரில் ஒரு பெரியப்பா இருப்பார்.

நீ போன தடவை விடுமுறைக்கு வந்தபோது நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். தளியிலிருந்து பிலோமினாவின் அப்பா இன்னாசி உன்னைப் பார்த்துப் போக வந்திருந்தார். பூத்தோட்டத்து ரோஜா ஒரு கூடை கொண்டுவந்தார். கல்யாணப் பேச்செல்லாம் நல்லபடியாக முடிந்து அவர் பஸ் ஏறிப் போனபிறகு, நம் பங்குக் கோயில் ஆட்கள் நாலைந்து பேர் நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். கப்பலில் என்ன அதிசயம் கண்டாய் என்று கேட்டார்கள். நீ திமிங்கலத்தைச் சொல்லியிருக்கலாம், புயலைச் சொல்லியிருக்கலாம். அமெரிக்காவில் கோதுமை ஏற்றிக்கொண்டு மேற்கே திரும்பும்போது பெருங்கடலின் நடுவில் ஒரு கோடு வரும், அதைத் தாண்டினால் ஒரு நாள் காணாமல் போய்விடும் என்று சொன்னாய். "வியாழக்கிழமை ராத்திரி படுத்தோம், காலையில எழுந்தா சனிக்கிழமை" என்றாய். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். உன் பெரியப்பா மட்டும் இலையிலிருந்து கையை எடுத்தார்.

"அப்போ வெள்ளிக்கிழமை கறி தொடாத ஒருசந்தி என்னாச்சி?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமையே வரல பெரியப்பா."

"கறி தின்னியா?"

"சனிக்கிழமைதான் தின்னேன்."

"வெள்ளிக்கிழமைய முழுங்கிட்டு, ஏப்பம் விட்டுக்கினு கதை சொல்றான் பாருங்கப்பா" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அன்று நீ சிரித்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பெரியவர் கேலி செய்தால் சிரித்துக்கொண்டு தலை குனிய வேண்டும் என்று உன்னை வளர்த்தவள் நான்தான். இனி அப்படி வேண்டாம். உன்னைப் பொய்யன் என்று சிரிக்கிறவனோடு சேர்ந்து நீயும் சிரிக்காதே. உன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

ஒரு வாரத்தில் உனக்குப் பெயர் வந்துவிட்டது. வெள்ளி முழுங்கி. பெரியப்பா இருக்கும் மாங்காய் மண்டியில் சொன்னார்கள், கோயில் வாசலில் சொன்னார்கள். நான் தண்ணீர் எடுக்கப் போனால் "வெள்ளி முழுங்கியோட அம்மா" என்றார்கள். நீ கப்பலுக்குத் திரும்பிப் போன பத்துப் பதினைந்து நாளில், தளியிலிருந்து சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். காரணம் சொல்லவில்லை. கறி தின்ற குற்றம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இன்னாசி அவ்வளவு பக்தியான மனிதனா என்று ஆச்சரியப்படவும் செய்தேன். நல்லபடியாகப் பேசி முடித்த பெண்ணை நீயாக விட்டுவிட்டதாக இங்கே சிலர் பேசினார்கள். உனக்கு எழுதினேன். "சரிம்மா" என்று ஒரே வரியில் பதில் போட்டாய். அதற்கடுத்த கடிதத்தில், இனி விடுமுறைக்கு ஊருக்கு வரப்போவதில்லை, பம்பாயிலேயே தங்கிவிடுவேன் என்று எழுதியிருந்தாய். அன்றைக்கே முடிவு செய்தேன். அப்பா இல்லாத என் பிள்ளையை இந்த ஊருக்கு வரவிடாமல் செய்த அந்த ..... மனிதரைச் சும்மா விடுவதில்லை.

இது நடந்த கொஞ்ச நாளில் அதே பிலோமினாவைத் தன் மகன் ஞானத்துக்குப் பேசி முடித்தார் உன் பெரியப்பா. இனிப்புக் கொடுத்தனுப்பினார். செசிலி வாங்கிவந்து என் முன்னால் வைத்தாள். மாட்டுத் தொட்டியில் போட்டேன். அதையும் எழுது என்றேன், எழுதியிருக்கிறாள்.

இப்போது அந்தக் கோட்டுக்கு வருகிறேன். நீ சொன்னபோது எனக்கும் அது புரியவில்லை என்பதுதான் உண்மை. பெற்றவள் என்பதால் நம்பினேன், அவ்வளவுதான். புரியவைத்தவள் செசிலி. பூகோளப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, சிஸ்டரைக் கெஞ்சிப் பள்ளிக்கூடத்து உலக உருண்டையை ஒரு சனிக்கிழமை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மேற்கே போகிற கப்பல் சூரியன் போகும் பக்கமாகவே போகிறது. அதனால் அந்தக் கப்பலில் ஒவ்வொரு நாளும் நம் நாளைவிடக் கொஞ்சம் நீளம். அதற்காகக் கடிகாரத்தை அவ்வப்போது பின்னால் திருப்பிவைக்கிறார்கள். உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தால், அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியது ஒரு முழு நாளாகச் சேர்ந்துவிடும். அதைக் கழிக்காமல் ஊருக்கு வந்தால், ஊரில் சனிக்கிழமையாக இருக்கும்போது கப்பலில் வெள்ளிக்கிழமை என்பார்கள். ஆகவே எங்காவது ஓரிடத்தில் ஒரு நாளைக் கழித்தே ஆக வேண்டும். கிழக்கே போகிற கப்பலுக்கு இதுவே தலைகீழ். அதற்கு ஒரே நாள் இரண்டு தடவை வரும்.

"அதை ஏன்டி கடல்ல போய் வச்சாங்க?" என்று கேட்டேன்.

"நிலத்துல வச்சா ஒரே ஊர்ல ரெண்டு கிழமை வந்துடும்மா. இந்த வீட்ல வியாழன், அடுத்த வீட்ல வெள்ளின்னு ஆயிடும். தீவு குறுக்க வந்தாக்கூட கோடு வளைஞ்சி ஒதுங்கிப் போவுது பாரு" என்று உருண்டையில் விரலை வைத்துக் காட்டினாள். அப்போதுதான் இன்னொன்றும் சொன்னாள். நீ அவளிடம் மட்டும் சொன்னாயாமே. அதற்கு முந்தைய பயணத்தில் கிழக்கே போகும்போது உங்களுக்கு வெள்ளிக்கிழமை இரண்டு தடவை வந்ததாகவும், இரண்டு நாளும் நீ கறியைத் தொடவில்லை என்றும், கூட இருந்தவர்கள் உன்னைக் கிறுக்கன் என்றதாகவும். ஏன்டா, அதை அன்றைக்குப் பந்தியில் சொல்லியிருக்கக் கூடாதா? செய்த நல்லதைச் சொல்லக் கூச்சப்பட்டால், செய்யாத கெட்டதை அடுத்தவன் கூசாமல் சொல்வான்.

(அண்ணா, இந்த ஒரு வரி என்னுடையது. நான் அம்மாவிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது நினைக்கிறேன். அதைக் கேட்டபிறகுதான் அம்மா அடுப்பங்கரையில் தனியாக நின்று சிரித்தார். எனக்குப் பயமாக இருந்தது.)

தவக்காலம் வந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சிலுவைப்பாதையில் சிலுவையைத் தூக்குவது உன் பெரியப்பாதான். வேறு யாரையும் தொடவிடமாட்டார். போன வாரம் அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். உன் பெரியம்மா மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். ஞானம் லாரியோடு பெங்களூர் போயிருந்தான். கஞ்சி வைத்துக் கொடுக்க நானன்றி வேறு ஆள் இல்லை. காலையும் மாலையும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கும் முருங்கை மரத்தைத் தாண்டிப் போய் வைத்துக் கொடுத்தேன். அவர் வீட்டைக் கூட்டி, அங்கே காலண்டரில் தேதி கிழிப்பது செசிலி. அவர் போர்வைக்குள்ளிருந்து பகலா ராத்திரியா என்று தெரியாமல் முனகிக்கொண்டு கிடந்தார். காய்ச்சல் விட்டதும் நாக்கு கேட்க ஆரம்பித்தது. "கஞ்சி வாணாம்மா. காரமா ஒரு கறிக்குழம்பு வச்சிக் களி கிண்டிக் குடுத்தின்னா எழுந்து உக்காந்துடுவேன்" என்றார். நாளைக்குப் பார்க்கலாம் மாமா என்றேன். அன்று வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலையில் செசிலி தாளைக் கிழிக்கக் கை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னைக்கி இங்க கிழிக்காத" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். புத்தகம் படிக்கிற பிள்ளை அல்லவா, உடனே புரிந்துகொண்டாள். "அம்மா, இது பாவம்மா" என்றாள். "கடல்ல போடற கோட்டை நம்ம முருங்க மரத்துல போட்டிருக்கேன், அவ்வளவுதான்" என்றேன். மரத்துக்கு இந்தப் பக்கம், நம் வீட்டில், வெள்ளிக்கிழமை. நானும் அவளும் கீரைச்சாறு வைத்துச் சாப்பிட்டோம். மரத்துக்கு அந்தப் பக்கம் வியாழக்கிழமை. நல்ல நெஞ்சுக்கறியாகப் பார்த்து வாங்கிவந்து, மிளகு தூக்கலாக அரைத்துப்போட்டுக் குழம்பு வைத்தேன். என் பிள்ளைக்கு வைப்பதுபோல் வைத்தேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

சாயங்காலம் இலையில் களி உருண்டையை வைத்ததும் அவர் மோந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கி என்னா கிழமைம்மா?" என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. "எதிர்ல காலண்டர் தொங்குது, பாருங்க மாமா" என்றேன். பார்த்தார். களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்தார். எலும்பைக்கூட விடவில்லை.

அன்று இன்னாசி வருவார் என்று எனக்குத் தெரியும். ஞானத்துக்கும் பிலோமினாவுக்கும் கோயிலில் கல்யாண ஓலை எந்த ஞாயிற்றுக்கிழமை முதல் வாசிப்பது என்று பேச அன்றைக்குத்தான் வருவதாக, பெரியப்பா காய்ச்சலில் கிடந்தபோது என்னிடம்தான் சொல்லியனுப்பியிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இதேனு பெரியவரே, கறி சாப்பிடறீங்க?"

"காய்ச்சல்ல நாக்கு செத்துப்போச்சி. வாங்க, உக்காருங்க. ஏம்மா, அவருக்கும் ஒரு இலை போடு."

"இன்னைக்கி சுக்ரவாராப்பா! தவசுகாலத்துல சுக்ரவாரா கறியா?"

"உங்க தளிப் பக்கம் கிழமையே வேறயா? இன்னைக்கி வியாழன்யா. காலண்டரப் பாரு."

அந்த நேரம் பார்த்துச் சிலுவைப்பாதைக்குக் கோயில் மணி அடித்தது. உன் பெரியப்பாவின் கை வாய்க்கும் இலைக்கும் நடுவில் நின்றது. என்னைப் பார்த்தார். நான் குழம்புக் கரண்டியோடு நின்றேன். "நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தப்ப ஒரு நாள் உங்களுக்கு வராமப் போயிடுச்சி மாமா. என் மவனுக்கும் அப்பிடித்தான் போச்சி. அவன் கடல்ல முழுங்கின வெள்ளிக்கிழமைய நீங்க கயித்துக் கட்டில்ல படுத்துக்கினே முழுங்கிட்டீங்க" என்றேன்.

இதோடு முடித்துக்கொள்ளத்தான் இருந்தேன், அருளப்பா. சத்தியமாக அவ்வளவுதான் என் திட்டம். இன்னாசிதான் பட்டென்று என் பக்கம் திரும்பினார். "என்னம்மா சொன்னீங்க? உங்க மகன் முழுங்கினது கிழமையையா? பெள்ளி இல்லையா?"

அவர்கள் வீட்டுப் பேச்சில் பாதி கன்னடம். கன்னடத்தில் வெள்ளிக்கிழமைக்குச் சுக்ரவாரா என்றுதான் பெயர். பெள்ளி என்றால் அவர்களுக்கு நகை செய்கிற வெள்ளி மட்டும்தான். வெள்ளி முழுங்கி என்று நம் ஊரில் கேலியாகச் சொன்னது பஸ் ஏறித் தளி போய்ச் சேரும்போது 'பெள்ளி நுங்கிதவனு', வெள்ளியை விழுங்கியவன், என்று ஆகியிருக்கிறது. கப்பலில் வந்த சரக்கு வெள்ளியை நீ திருடினாய் என்று அந்த ஊர் முழுவதும் நம்பியிருக்கிறது. திருடனுக்குப் பெண் கொடுக்கமாட்டேன் என்றுதான் அந்த மனிதர் நிறுத்தியிருக்கிறார். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். செசிலிதான் அவருக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். கோடு, கிழக்கு, மேற்கு, நீ இரண்டு வெள்ளிக்கிழமை ஒருசந்தி இருந்தது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

இன்னாசி அவள் பேச்சை முழுவதும் கேட்டார். பிறகு மெதுவாக உன் பெரியப்பாவைக் கேட்டார். "நான் மண்டிக்கு வந்து உங்களையே கேட்டேனே பெரியவரே. உங்க தம்பி மகன் பெள்ளி திருடினது நெஜமான்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?"

உன் பெரியப்பா கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

"'நான் என்னாத்த சொல்றது, ஊரே பேசுது'ன்னு சொன்னீங்க. அடுத்த மாசமே உங்க மகனுக்குப் பொண்ணு கேட்டு வந்தீங்க." அவ்வளவுதான் இன்னாசி சொன்னார். தண்ணீர்கூடக் குடிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டார். ஓலை வாசிப்பதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. வாசலில் நின்று, "உங்க மகன் எப்ப வருவாரும்மா?" என்று என்னைக் கேட்டார். "அவனை நீங்களே கேளுங்க. என் மவன் பொண்ணுக்கு அலையறவன் இல்ல" என்றேன்.

பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் இன்னாசி யாரிடமோ சொல்ல, ராத்திரிக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் சனிக்கிழமை உன் பெரியப்பா நம் வீட்டுக்கு வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. "நாள் தெரியாமத்தான் சாப்பிட்டேன்னு பங்குச் சாமியார்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லும்மா. மண்டியில எவன் பார்த்தாலும் 'இன்னைக்கி என்னா கிழமை பெரியவரே'ன்னு கேக்கறான். மூட்டை தூக்கறவன்கூடக் கேக்கறான்" என்றார். அவர் கேட்டது பெரிய உதவி இல்லை. நான் வாயைத் திறந்து நான்கு சொல் சொன்னால் அவருக்குப் பெயர் திரும்பிவரும். உனக்காக அன்று அவர் வாயைத் திறந்திருந்தால் உனக்கும் திரும்பி வந்திருக்கும். அவர் முகத்தை நேராகப் பார்த்து, "நான் என்னாத்த சொல்றது மாமா, ஊரே பேசுது" என்றேன். அவர் நின்றார். நான் அரிசி புடைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தபோது அவர் இல்லை.

அதன்பிறகு பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். இதை உன்னிடம் மறைக்கமாட்டேன். ஒருவரைத் தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் கறி தின்னவைத்தேன் என்று சொன்னேன். சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வருத்தப்படறியாம்மா?" என்றார். "இல்ல சாமி" என்றேன். "வருத்தம் இல்லாம மன்னிப்பு குடுக்க முடியாது. போயிட்டு, வருத்தம் வந்தப்புறம் வா" என்றார். இன்று ஞாயிற்றுக்கிழமை. பூசையில் எல்லோரும் நாவில் அப்பம் ஏந்தி நன்மை வாங்கப் போனபோது, மன்னிப்புக் கிடைக்காத நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உன் பெரியப்பா கோயிலுக்கே வரவில்லை. முன் வரிசையில் அவர் இடம் காலியாக இருந்தது. எனக்கு நன்மை இல்லாமல் போனதைவிட அதைப் பார்த்த நிறைவு பெரிதாக இருந்தது. செசிலி இந்த வரியை எழுதமாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்தாள். உண்மையாக எழுதுவேன் என்றாயே, எழுது என்றேன்.

(அண்ணா, எழுதிவிட்டேன். ஈஸ்டருக்குள் அம்மாவுக்கு வருத்தம் வர வேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்கிறேன். நீயும் சொல். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் உனக்கு ஈஸ்டர் வேறு நேரத்தில் வரும், பார்த்துக்கொள்.)

உனக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். இன்னாசி உனக்கு எழுதுவார். பிலோமினாவை உனக்குப் பிடித்திருந்தால் சரி என்று எழுது. பிடிக்காவிட்டால் இல்லை என்று எழுது. பெரியப்பாவுக்கு வலிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அவளைக் கட்டிக்கொள்ளாதே. அந்தப் பெண் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. கோபத்தில் கட்டிய பெண்ணோடு கோபம் தீர்ந்தபிறகும் வாழ வேண்டியிருக்கும். பழி வாங்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு வயதாகிவிட்டது, அதைச் சுமக்க என்னால் முடியும், உனக்கு அது வேண்டாம். ஆனால் ஊருக்கு வா. பம்பாயில் தங்காதே. பஸ்ஸிலிருந்து இறங்கி மண்டித் தெரு வழியாகவே நடந்து வா, சந்து வழியாக வராதே. எவனாவது கப்பலைப் பற்றிக் கேட்டால் அந்தக் கோட்டின் கதையை மறுபடி சொல். இந்த முறை யாரும் சிரிக்கமாட்டார்கள். சிரித்தாலும் நீ சிரிக்காதே.

இதை எழுதி முடிக்கும் நேரம் மரத்துக்கு அந்தப் பக்கம் பார்க்கிறேன். பெரியம்மா இன்னும் வரவில்லை. ஞானம் வந்தவன் கல்யாணம் நின்ற சேதி கேட்டுக் கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டான். அவர் தனியாகத்தான் இருக்கிறார். காலையிலிருந்து அடுப்புப் புகை வரவில்லை. சாப்பிட்டாரா என்று செசிலி இரண்டு தடவை கேட்டுவிட்டாள். கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். இரண்டாம் தடவை கேட்டபோது பதில் சொல்லவில்லை. அவள் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டு, பேனாவை மூடாமலே தூக்குப் பாத்திரத்தோடு போய்விட்டு, இப்போதுதான் திரும்பி வந்தாள். பாத்திரம் போனபடியே நிறைந்திருக்கிறது.

(அண்ணா, கடைசி வரியை நானே எழுதுகிறேன். "பெரியப்பா, செசிலி வந்திருக்கேன்" என்று கதவைத் தட்டினேன். உள்ளே வெளிச்சம் தெரிந்தது, இருமலும் கேட்டது. நான் இரண்டாவது தடவை கூப்பிட்டதும் விளக்கை அணைத்துவிட்டார்.)